பாதி விலைக் கூப்பன்: குற்றாலம் லாட்ஜுக்குச் சரி, செங்கோட்டை சாப்பாட்டுக் கடைக்கு வேண்டாம்

தள்ளுபடிக் கூப்பன் விற்கும் ஆன்லைன் டீல் தளங்களில் சேரலாமா என்று தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கேட்டால், உங்கள் கடையில் சும்மா கிடப்பது என்ன என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சிகாகோவில் 2008-ல் தொடங்கிய குரூப்பான் என்ற டீல் தளம் பழக்கிவிட்ட கணக்கு, பாதி விலை தள்ளுபடி, மிச்சத்தில் ஏறக்குறைய பாதி தளத்துக்கு. 400 ரூபாய் பரோட்டா, சிக்கன் செட் 200-க்குப் போனால் கடைக்காரர் கைக்கு வருவது 100. கோழி, மைதா, எண்ணெய்க்கே 140 ஆகிறது என்று வையுங்கள், தட்டுக்கு 40 ரூபாய் கைநஷ்டம். மாஸ்டர் கூலியும் கேஸும் இதில் சேரவில்லை. கூட்டம் கூடக் கூட நஷ்டமும் கூடும். 2011-ல் இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் ஒரு பேக்கரி 75 சதவீதம் தள்ளிக் கொடுத்தது. 8,500 பேர் வாங்கிவிட, 1,02,000 கப் கேக் சுட வேண்டியதாயிற்று. இத்தனைக்கு மேல் விற்காதே என்று உச்சவரம்பு போடாததன் விளைவு அது.

லாட்ஜ் கணக்கு வேறு. மாசி, பங்குனியில் அருவி வற்றிக் கிடக்கும்போது 1,500 ரூபாய் அறை காலியாகவே இருக்கும். டீலில் 375 வந்து, சலவை, சோப்பு, கரண்டுக்கு 200 போனாலும் 175 மிச்சம். அதே கூப்பனை ஆடிச் சாரலில், புனலூர், கொல்லத்திலிருந்து வண்டி வண்டியாக வந்திறங்கும்போது ஏற்றுக்கொண்டால், முழு வாடகை தர நிற்பவரைத் திருப்பி அனுப்புகிறீர்கள். எனவே சீசனுக்கும் ஓண வாரத்துக்கும் செல்லாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பியூட்டி பார்லருக்கும் இதே வழி: திங்கள் முதல் வியாழன் வரை, காலை நேரம் மட்டும், நாளுக்கு நான்கைந்து பேர்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலாக்கியா 2010-ல் குரூப்பான் டீல் போட்ட 150 கடைகளை ஆராய்ந்தார். 66 சதவீதம் பேருக்கு லாபம், 32 சதவீதம் பேருக்கு நஷ்டம். சலூன், ஸ்பா தேறின. உணவகங்கள்தான் அதிகம் அடிவாங்கின. சரக்குச் செலவு கூடிய தொழிலுக்கு இது ஒத்துவராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று, பில் போடும்போதே கூப்பன் எண்ணைத் தளத்தில் பதிய வேண்டும். நெரிசலில் பையன் விட்டுவிட்டால் அந்தப் பணம் வந்து சேராமல் இழுத்தடிக்கும். பணம் தவணையாக வருமா, எத்தனை நாளில் என்பதையும் முன்பே கேளுங்கள். கோழிக்கடைக்கு மறுநாளே பணம் கட்டியாக வேண்டும்.

வாங்குபவர்கள் தளத்தில் அடித்துக் காட்டும் பழைய விலையை நம்பக் கூடாது. கடைக்கே போன் போட்டு, கூப்பன் இல்லாமல் என்ன ரேட் என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். 2013-ல் குரூப்பான் இந்தியா கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் விற்றது விளம்பரத்துக்காக. அப்படிப்பட்ட டீல் தினமும் வராது. வரி சேர்த்தா, ஒரு பில்லுக்கு எத்தனை கூப்பன், சனி ஞாயிறு செல்லுமா, எந்தக் கிளை என்பதைப் பணம் கட்டும் முன் படியுங்கள். திருவனந்தபுரம் கிளைக்கு வாங்கிய கூப்பனை நாகர்கோவில் கிளையில் நீட்டினால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் முந்தின நாளே கூப்பன் எண்ணைச் சொல்லி மேசையோ அறையோ உறுதி செய்துவிட்டு, அந்த விதிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.