கண்டிக்கு வந்த பிறகு எந்தக் கோயில்? மூன்று இடம் பார்த்து ஒன்றில் சேர்ந்த கதை

என் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றம் வந்ததும் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தை விட்டுக் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டுக்கு வந்தோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், 74 வயதில் அம்மா. பள்ளிக்கூடம், தண்ணீர், கரண்டு எல்லாம் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டன. கிறிஸ்தவர்களான எங்களுக்குக் கோயில் அமையத்தான் எட்டு மாதம் ஆனது.

தோட்டத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் கோப்பித் தோட்டங்களுக்கு உபதேசியார்களை, அதாவது வேதம் கற்றுக்கொடுக்கும் ஊழியர்களை, அனுப்பிய நாளிலிருந்து மலையகத்தில் அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த) குடும்பங்கள் உண்டு. நாங்களும் அப்படித்தான். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறதே, 1878இல் கட்டிய வார்லி ஆலயம், அதற்கும் அப்பால் எங்கள் சின்னக் கோயில். லயத்தில் யாராவது படுத்துவிட்டால் ஞாயிறு வருமுன்னே உபதேசியார் வாசலில் நிற்பார்.

கண்டியில் முதலில் போனது இயல்பாகவே ஓர் அங்கிலிக்கன் ஆலயத்துக்கு. வழிபாட்டு முறை அதேதான். அம்மாவுக்குப் புத்தகம் தேவையில்லை, எல்லாம் மனப்பாடம். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து வாரா வாரம் உண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது, பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப்போன, பெரிய திருச்சபை எதிலும் சேராத ஒரு தனிச் சபை. கடைத்தெருவில் மூன்றாம் மாடி மண்டபம். மூன்று ஞாயிறுதான் போனோம், அதனால் நிறையச் சொல்லக்கூடாது. அன்பானவர்கள். இரண்டாம் வாரமே வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். பிள்ளைகளுக்கும் பாட்டு பிடித்திருந்தது. ஆனால் அங்கத்தவராகச் சேர வேண்டுமென்றால் பெரியவர்கள் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். "குழந்தையில எனக்கு ஞானஸ்நானம் குடுத்த ஐயர நான் எப்படிப் பொய்யாக்குறது?" என்று அம்மா கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாடிப்படியும் அவரால் ஏற முடியாது.

மூன்றாவது மெதடிஸ்ட் ஆலயம். கடைசியில் சேர்ந்தது அங்கேதான்.

தமிழ் ஆராதனை, ஓய்வுநாள் பாடசாலை, பஸ் வசதி எல்லாம் அங்கிலிக்கன் ஆலயத்திலும் மெதடிஸ்ட் ஆலயத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். தீர்மானித்தது வேறு விஷயம். வைகாசியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. ஆறு வாரம் கட்டிலோடு இருந்தார். முதல் ஆலயத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன். யாரும் வரவில்லை. ஒரே குருவானவர், பல இடத்துப் பொறுப்பு. காரணம் விளங்குகிறது. ஆனால் ஞாயிறு காலையில் வெள்ளைச் சேலையைக் கட்டிலின் மேல் எடுத்து வைத்துவிட்டு அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

மெதடிஸ்ட் ஆலயத்துக்கு அதுவரை இரண்டே முறைதான் போயிருந்தோம். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் வகுப்புத் தலைவர் என்று ஒருவர். இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள் கூடுமிடம் கட்டிய கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்ப்பது என்று முடிவானது. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வகுப்புக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வாங்கினார். போன இடத்தில் வீட்டு நிலைமையும் தெரியவந்தது. பணம் சேர்க்கப் போனவர்களே ஆளைப் பராமரிப்பவர்களும் ஆனார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதையே சபையின் முறையாக்கினார். எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். நாங்கள் இரண்டு வாரம் வரவில்லை என்றதும் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடினார், அம்மாவும் சேர்ந்து பாடினார். அடுத்த வாரம் போதகரையும் கூட்டிவந்தார், திருவிருந்தும் வீட்டிலேயே கிடைத்தது.

வயதானவர் வீட்டில் இருக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஞாயிறு ஆராதனையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "வர முடியாதவர்களை யார் பார்ப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை?" என்று நேராகக் கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் நம்பலாம். "பார்த்துக்கொள்வோம்" என்றால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள்.

குறையும் உண்டு. இங்கே திருவிருந்து மாதம் ஒரு முறைதான், அது அம்மாவுக்கு இன்னும் மனக்குறை. மெதடிஸ்ட் போதகர்கள் சில வருசத்துக்கு ஒரு முறை மாறிப்போவார்கள், அடுத்தவர் எப்படியோ. டீச்சருக்கும் வயதாகிறது. எல்லா மெதடிஸ்ட் ஆலயமும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை, நான் பார்த்தது இந்த ஒன்றைத்தான். இளம் குடும்பமாக, வீட்டில் பெரியவர்கள் இல்லாமல் வந்திருந்தால் நாங்கள் முதல் ஆலயத்திலேயே இருந்திருப்போம்.

டிக்கோயா ஐயர் தந்த சபை மாறுதல் கடிதம் எட்டு மாதமாக அம்மாவின் வேதாகமத்துக்குள் இருந்தது. போன மாதம் அதை அவரே எடுத்துப் போதகர் கையில் கொடுத்தார். நத்தாருக்கு மட்டும் பழைய கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இடுப்பு வலி விட்டால் போவோம்.