விடியற்காலையில் கத்தும் கார்: மண்டபத்தில் நான்கு ஆண்டு அலாரம் அனுபவம்

மண்டபத்தில் எங்கள் வீடு தென்கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவைத்தான் இங்கே தென்கடல் என்போம்; பாக் விரிகுடாப் பக்கம் வடகடல். இரண்டு கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் என்பதால் வருஷம் முழுக்க ஏதோ ஒரு பக்கத்திலிருந்து உப்புக் காற்று வந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் கார் ஷெட் கிடையாது. வாசலில் ஒரு வேப்பமரம், அதனடியில்தான் வண்டி நிற்கும்.

வண்டி 2016 மாடல் டீசல் ஹேட்ச்பேக். அடிப்படை மாடல் என்பதால் கம்பெனி அலாரம் இல்லை. 2021 ஆகஸ்டில் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் சென்ட்ரல் லாக்கோடு சேர்ந்த அலாரம் ஒன்று போட்டேன். கூலியோடு 4,600 ரூபாய். நான்கு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பூட்டும் வேலை குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. ரிமோட்டுக்கு ஒரே ஒரு முறைதான் பேட்டரி மாற்றினேன். ஆனால் இந்தக் காலத்தில் மூன்று தடவை, யாரும் தொடாத வண்டி நடு ராத்திரியில் கத்தத் தொடங்கி, எங்கள் தெருவையே எழுப்பிவிட்டது. மூன்றுக்கும் மூன்று வேறு காரணம். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அலாரம் எப்படி வேலை செய்கிறது என்பது புரிய வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதற்குக் கதவுகளிலிருந்து ஒரு ஒயர், பானட்டிலிருந்து (எஞ்சினின் மேல்மூடி) ஒரு ஒயர், தட்டையும் ஆட்டத்தையும் உணர்கிற ஷாக் சென்சாரிலிருந்து ஒரு ஒயர் வரும். கதவோ பானட்டோ திறந்தால் அங்கிருக்கும் சுவிட்ச் அந்த ஒயரை வண்டியின் பாடியோடு, அதாவது எர்த்தோடு சேர்த்துவிடும். பெட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: ஒயர் எர்த் ஆகிவிட்டதா இல்லையா. திருடன் திறந்தானா, துருவும் ஈரமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்ததா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை.

முதல் தொல்லை 2022 ஜூனில் வந்தது, சுலபமாகவே முடிந்தது. கச்சான் காற்று ஓங்கி அடிக்கிற மாதம். வண்டி காற்றுக்குக் குறுக்கே நின்றால் லேசாக ஆடும். ஷாக் சென்சார் அந்த ஆட்டத்தை யாரோ கண்ணாடியைத் தட்டுவதாக எடுத்துக்கொண்டது. சென்சார் பெட்டியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று குறைத்தேன். வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தினேன். அதோடு சரி. குறைத்த பிறகு கதவுக் கண்ணாடியை விரல் முட்டியால் ஓங்கித் தட்டிப் பாருங்கள். அதற்குக் கத்த வேண்டும், உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் சும்மா இருக்க வேண்டும். அதுதான் சரியான அளவு.

இரண்டாவதுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. 2024 தை மாதம். காற்று அடங்கி, பனி இறங்குகிற நாட்கள். விடியற்காலை மூன்றரைக்கு சைரன் கத்தும். அரை நிமிஷம் கத்தி ஓயும், நான் எழுந்து போய் ரிமோட்டை அமுக்கிவிட்டு வந்து படுத்தால் நாலே காலுக்கு மறுபடி. பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால் மறுநாள் காலைதான் கரை. வீட்டில் படுக்கிற ராத்திரிதான் அவருக்குத் தூக்கம். அவர் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் சண்டைக்கு வரவில்லை. "தம்பி, வண்டிக்கு என்னமோ சொகமில்ல போல, என்னன்னு பாருங்க" என்றார். அந்தக் குழந்தை சைரன் சத்தத்தில் துடித்து எழுந்து அழுததை நானே கேட்டிருந்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், அலாரத்தை அணைத்து வைப்பது வேறு, காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு, கண்டுபிடித்தே தீருவது என்று.

முதலில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். பகல் பதினொரு மணி. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்தார், கத்தவே இல்லை. பேட்டரி பழசாகிவிட்டது, வோல்டேஜ் இறங்கினால் அலாரம் இப்படிக் குழம்பும் என்றார். அது பொதுவாகச் சரியான பேச்சுதான். நல்ல பேட்டரி ராத்திரி முழுக்க நின்ற பிறகும் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. ஆனால் என் பேட்டரியை அளந்து பார்க்காமலேயே சொன்னார். நானும் கேட்காமல் புதுசு வாங்கிப் போட்டேன். 4,900 ரூபாய். மூன்று நாள் அமைதி. நான்காம் நாள் விடியற்காலை 3.50-க்குப் புது பேட்டரியின் முழு பலத்தோடு கத்தியது.

அப்புறம்தான் ஒரு நோட்டுப் போட்டேன். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எப்படி, கண்ணாடியில் பனி உண்டா. இரண்டு வாரம் எழுதினேன். 3.30, 4.15, 5.05, 3.50. ஒரு நாள்கூட ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் இல்லை, ஒரு நாள்கூட பகலில் இல்லை. கத்திய எல்லா நாளும் முன் கண்ணாடி பனியில் நனைந்து வெள்ளையாக இருந்தது. காற்று வீசி கண்ணாடி காய்ந்திருந்த மூன்று ராத்திரியும் ஒரு சத்தமும் இல்லை. பூனை ஏறியது, எலி கடித்தது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பூனைக்குப் பனி இருக்கிற நாள் இல்லாத நாள் என்று கணக்கு உண்டா? ஈரம்தான் என்று அந்த நோட்டே சொல்லிவிட்டது.

இனி எந்த ஒயர் என்பதுதான் கேள்வி. விலை கூடின சில அலாரங்களில் எதனால் கத்தியது என்பதை சிவப்பு லைட் இத்தனை தடவை மின்னி என்று காட்டிக்கொடுக்கும். இதில் அந்த வசதி இல்லை. இந்த அலாரத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். ஆகவே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். முதல் ராத்திரி ஷாக் சென்சாரின் கப்ளரைப் பிடுங்கிவிட்டுப் படுத்தேன். கத்தியது. மறுநாள் அதை மாட்டிவிட்டு பானட் சுவிட்சின் ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றினேன். அன்றைக்கு நல்ல பனி. விடியும்வரை சத்தமில்லை. அடுத்த இரண்டு பனி ராத்திரியும் அப்படியே. ஒரே நேரத்தில் இரண்டைக் கழற்றக்கூடாது. எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

ஒயரை மறுபடி மாட்டி, அடுத்த நாள் விடியற்காலை அலாரம் கத்தியதும் ரிமோட்டை அமுக்கிவிட்டு டார்ச்சோடு பானட்டைத் தூக்கினேன். சுவிட்ச் ஹெட்லைட்டுக்குப் பின்னால், தகரத்தின் ஓரத்தில் இருந்தது. கடைக்காரர் துளை போட வசதியான இடத்தில் வைத்திருக்கிறார். கிரில் வழியாக வருகிற காற்று நேராக அதன் மேல்தான் படும். பகலில் பார்த்தபோது அதன் கழுத்தைச் சுற்றி மாவு தூவின மாதிரி வெள்ளையாக இருந்தது நினைவிருக்கிறது. இப்போது அந்த வெள்ளையைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு நீர் வளையம். செம்பு முனையில் பச்சைக் களிம்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. காலை பத்து மணிக்கு மறுபடி பார்த்தால் நீர் காய்ந்து பழைய வெள்ளை மாவு.

அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்போம். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே கசியத் தொடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும். சுவிட்சின் முனைக்கும் பாடிக்கும் நடுவில் அந்த நீர் வளையம் பாலம் போட்டால், பானட் திறந்துவிட்டது என்றுதான் பெட்டி நினைக்கும். வெயில் ஏறிக் காய்ந்தால் பாலம் இல்லை. பதினொரு மணிக்கு எலக்ட்ரீசியன் முன்னால் வண்டி ஏன் சாதுவாக நின்றது என்பது இப்போது புரிகிறதா?

சந்தேகம் தீர 350 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றில் அளந்தேன். சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பானட்டை மூடியிருப்பது போல சுவிட்சின் கொண்டையை அமுக்கிக் கட்டி, மீட்டரை 200 கிலோ ஓமில் வைத்து, ஒரு முள்ளை சுவிட்ச் முனையிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்தேன். காய்ந்திருக்கும்போது மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, அதாவது தொடர்பே இல்லை. இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் இரண்டு தடவை தெளித்தேன். 140 என்று ஓர் எண் வந்தது. பிறகு 60. பிறகு 22. கடைசியில் 9-ல் போய் நின்றது. எண் குறையக் குறைய மின்சாரம் சுலபமாகப் பாய்கிறது என்று அர்த்தம். உப்பு ஏற்கெனவே அங்கே இருந்ததால் நல்ல தண்ணீரே போதுமாக இருந்தது. புதிதாக வாங்கிய சுவிட்சில் அதே தண்ணீரைத் தெளித்தபோது எண்ணே வரவில்லை. கத்துகிற வண்டியைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

புது சுவிட்ச் 80 ரூபாய். ஆனால் அதே இடத்தில் அதே மாதிரி வைத்தால் அடுத்த தையில் இதே கதைதான். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துரு முற்றித்தான் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பெயிண்டும் தேவைப்பட்டன. அப்படிப்பட்ட காற்றில் மெல்லிய முலாம் பூசின ஒரு சுவிட்ச் எத்தனை நாள் தாங்கும்?

பக்கத்து வீட்டு அண்ணன்தான் படகு எஞ்சின் பார்க்கிற ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். நான் கையில் கிரீஸ் டப்பாவோடு போயிருந்தேன். அவர் சொன்னது: "மொதல்ல நல்ல தண்ணியால உப்ப எறக்குங்க தம்பி. உப்பு மேல கிரீச வச்சா, உப்புக்குத்தான் அது காவல்." நான் செய்ய இருந்தது அந்தத் தப்பைத்தான்.

அவர் சொன்ன முறையில் செய்தேன். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியால் அந்த இடத்தை நாலைந்து தடவை துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டேன். எர்த் பிடிக்கிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினேன். சுவிட்சை ஹெட்லைட் பக்கத்திலிருந்து எடுத்து, முன் கண்ணாடிக்குக் கீழே, பானட் ரப்பர் பீடிங்குக்கு உட்புறமாக மாற்றிவைத்தேன். கிரில் காற்று அங்கே நேராகப் படாது. முனையில் வாஸ்லின் தடவி, மேலே ரப்பர் உறை போட்டேன். பழைய துளையில் பெயிண்ட் வைத்து அடைத்தேன். மாதம் ஒரு முறை ஈரத் துணியால் துடைப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாஸ்லினைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுவது. அதற்குப் பிறகு 2025 தை, மாசி இரண்டும் முழுசாகக் கடந்தன. பானட் சுவிட்சால் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

கம்பெனி அலாரம் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் பானட் பூட்டுக்குள்ளேயே இந்த சுவிட்ச் இருக்கும். அங்கேயும் கோளாறு இதே வகைதான், சுத்தம் செய்கிற வரிசையும் இதேதான். ஸ்பிரே எண்ணெயை அடித்துவிட்டால் சில நாள் நிற்கும், அதை மருந்து என்று நம்பவேண்டாம். கீழக்கரையில் ஒரு நண்பரின் வண்டி வேறு மாதிரி. அதில் உள்ளே அசைவைப் பார்க்கிற அல்ட்ராசோனிக் சென்சார் உண்டு. வெக்கைக்காக அவர் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பார். உள்ளே புகுந்த காற்றுக்குத்தான் கத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றியதும் நின்றுவிட்டது.

மூன்றாவது தொல்லை 2025 செப்டம்பரில். இந்தத் தடவை நோட்டு தேவைப்படவில்லை. ராத்திரி வண்டியைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது உள்ளே ரூம் லைட் சாகப்போகிற விளக்கு மாதிரி மங்கலாக எரிந்தது. அப்படி எரிந்தால் ஏதோ ஒரு கதவு சுவிட்ச் சரியாக விடவில்லை என்று அர்த்தம். நான்கு கதவையும் ஒவ்வொன்றாக உள்ளே அமுக்கிப் பார்த்ததில் டிரைவருக்குப் பின்னால் உள்ள கதவை அமுக்கியபோது லைட் அணைந்தது. ரப்பர் கிழிந்து சுவிட்ச் துருவில் இறுகியிருந்தது. 60 ரூபாயில் முடிந்தது.

இந்த அலாரத்தை மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், வாங்குவேன். ஆனால் எந்த ஒயரால் கத்தியது என்று காட்டுகிற மாடலாகப் பார்த்து, 1,000 ரூபாய் கூடக் கொடுத்தாவது. பொருத்தும்போது பக்கத்திலேயே நின்று, பானட் சுவிட்சை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்து, ரப்பர் பீடிங்குக்கு உள்ளே வைக்கச் சொல்வேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பழைய மினி வேன் வாங்கியிருக்கிறார், அதிலும் அலாரம் உண்டு. பானட்டைத் தூக்கிப் பார்த்தோம். சுவிட்ச் ஹெட்லைட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, கழுத்தில் வெள்ளை படிய ஆரம்பித்திருக்கிறது. தைக்கு முன்னால் இடத்தை மாற்றிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் கரையில் இருப்பார்.