ஹாரிசன் கிராஜுவேட்: ஒரு பழைய பள்ளிக்கூட லேத்துடன் சில வருடங்கள்

ஹாரிசன் என்றால் இரும்பு கடைகிறவர்களுக்குத் தெரியும். மேற்கு யார்க்‌ஷயரில் ஹெக்மண்ட்வைக் என்ற சின்ன ஊரில் இருந்த டி.எஸ். ஹாரிசன் அண்ட் சன்ஸ், மெட்டல் லேத்துக்குப் பேர் போன கம்பெனி. அவர்கள் மரம் கடையவும் ஒரு லேத் செய்தார்கள் என்பது இங்கிலாந்தைத் தாண்டினால் அதிகம் பேருக்குத் தெரியாது. அதுதான் கிராஜுவேட். சிலவற்றில் ‘யூனியன்’ என்று பெயர்த்தகடு இருக்கும். இரண்டும் ஒரே இயந்திரம்தான்.

ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பள்ளிகளின் மரவேலை வகுப்புகளில் இது சர்வ சாதாரணம். பிறகு அந்த வகுப்புகள் குறைந்தன, பட்டறைகள் மூடப்பட்டன, லேத்துகள் ஏலத்துக்கு வந்தன. என்னிடம் இருப்பதும் அப்படி வந்ததுதான். பக்கவாட்டில் யாரோ ஒரு பையன் காம்பஸ் முனையால் கீறிய இரண்டு எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. பெயின்ட் சுரண்டிப் புதிதாக அடிக்கச் சொல்லி நண்பர்கள் நச்சரித்தார்கள். அந்த நேரத்தில் நாலு கிண்ணம் கடையலாம்.

இதன் பெரிய பலம் கனம். தலைப்பகுதியும் அதைத் தாங்கும் பெட்டிக் காலும் வார்ப்பிரும்பு. மோட்டார் கீழே, பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் எடை எங்கே வேண்டுமோ அங்கே இருக்கிறது. மடித்த தகரக் கால்களில் நிற்கும் புது லேத்துகளில் கோணல்மாணலான ஆஷ் மரக் கட்டையைப் பூட்டினால் லேத் நடக்க ஆரம்பிக்கும். இது முணுமுணுக்கும், அவ்வளவுதான். அதிர்வு குறைந்தால் உளி ஓடும் தடம் வழவழப்பாக வரும். உப்புத்தாள் வேலை பாதியாகக் குறையும். பல வருடம் கழித்தும் நான் இதை விற்காமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

சரி, இப்போது தலைவலிகள். முதலாவது கரன்ட். பள்ளிகளில் ஓடியவை பெரும்பாலும் த்ரீ பேஸ் மோட்டார், 415 வோல்ட். இங்கே வீடுகளுக்கு வருவது சிங்கிள் பேஸ், 230 வோல்ட். வழி, ஒரு வி.எஃப்.டி. வாங்குவது, அதாவது கரன்டின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. (இன்வெர்ட்டர் என்றும் சொல்வார்கள், நம்மூரில் கரன்ட் போனால் ஃபேன் ஓட்டுகிற பேட்டரி சமாச்சாரம் இல்லை.) அது 230 சிங்கிள் பேஸை வாங்கி 230 த்ரீ பேஸாகக் கொடுக்கும். அதற்கு மோட்டாரின் மூன்று வைண்டிங்குகளை டெல்டாவில், அதாவது முக்கோணமாக, இணைக்க வேண்டும். என் மோட்டாரோ ஸ்டாருக்கு, அதாவது மூன்றின் ஒரு முனையையும் ஒரே முடிச்சில் சேர்ப்பதற்கு, மட்டும் கட்டியது. டெர்மினலில் மூன்றே வயர். ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே, வார்னிஷில் ஊறிய நூல் கட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தது. நூலை ஒவ்வொரு இழையாக அறுத்து, ஸ்லீவை உரித்து, சேர்த்துப் பற்றவைத்திருந்த மூன்று முனைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புது வயர் வைத்து வெளியே கொண்டுவர வேண்டும். பழைய எனாமல் உதிர்ந்தால் மோட்டார் போச்சு. கை நடுங்குகிறவர்கள் ரீவைண்டிங் கடையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்கு நேராக வயர் போக வேண்டும். லேத்தில் இருந்த பழைய ஸ்டார்ட்டர் நடுவில் இருக்கக் கூடாது.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் உண்டு. கிராஜுவேட்டின் நான்கு வேகங்கள் 425, 790, 1330, 2250 ஆர்.பி.எம். பெரிய, சமன் இல்லாத கட்டைக்கு 425 அதிகம். வி.எஃப்.டி.யை 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அது பாதியாகிவிடும். ஆனால் எப்போதும் வி.எஃப்.டி.யிலேயே வேகத்தைக் குறைத்து ஓட்டாதீர்கள். மோட்டாரின் விசிறியும் சேர்ந்து மெதுவாகச் சுற்றுவதால் சூடேறும். பெல்ட்டைக் குறைந்த வேகப் புல்லியில் போட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வி.எஃப்.டி. பிரேக் நேரத்தையும் தாராளமாக வையுங்கள். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக், மரையில்தான் பூட்டியிருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் அது தானே கழன்று காலடிக்கு வரும்.

இரண்டாவது தலைவலி பெல்ட். முழு வி-பெல்ட் மாற்ற, கட்டையைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலையே உருவ வேண்டும். ஆகவே துண்டு துண்டாகக் கோர்க்கும் லிங்க் பெல்ட் போட்டுக்கொள்வதே புத்தி. ஓட்டமும் மெத்தென்று இருக்கும். பேரிங் பயப்பட ஒன்றுமில்லை, கடையில் கிடைக்கிற அளவுதான். ஸ்பிண்டில் மரை ஒன்றரை அங்குலம், அங்குலத்துக்கு 6 இழை. இதற்குப் பொருந்தும் இன்சர்ட் இன்றைய சக்குகளுக்கும் கிடைக்கிறது.

உள்பக்கம் 12 அங்குலக் கிண்ணம்வரை கடையலாம். அதைவிடப் பெரிதென்றால் ஸ்பிண்டிலின் மறுமுனை, அதாவது அவுட்போர்டு. அங்கே மரை இடதுபுரி. நீளமான கால், கம்பு மட்டுமே கடைகிறவர்களுக்கு இந்த லேத்தை நான் சொல்ல மாட்டேன்; அதற்கு இதைவிடச் சின்னதும் மலிவானதும் நிறைய இருக்கின்றன. கிண்ணம்தான் உங்கள் பைத்தியம் என்றால் குட்டை பெட் (லேத்தின் நீளமான தண்டவாளம்) மாடல் கிடைக்கிறதா பாருங்கள்: கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் முதுகில் குத்தாது, கராஜிலும் இடம் மிச்சம்.

பார்க்கப் போகும்போது, இடதுபுரி ஃபேஸ் பிளேட்டும் (கட்டையைத் திருகிப் பிடிக்கும் தட்டு) உளியைத் தாங்கும் அவுட்போர்டு டூல்ரெஸ்ட்டின் கையும் சேர்ந்து வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பள்ளிகளில் முதலில் தொலைவது அவைதான். தனியாகத் தேடினால் விற்பவர் வைத்ததுதான் விலை.