கடற்கரை ஊர் மெடிக்கல்களில் வலி மருந்து: வீட்டுக்கு எது, நாய்க்கு எது

தொண்டியோ கீழக்கரையோ பாம்பனோ, மெடிக்கலில் வலிக்கு என்று கேட்டால் வருகிற சரக்கு மூன்று வகைதான். பாரசிட்டமால் ஒன்று. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் ஒரு கூட்டம். அப்புறம் தடவுகிற ஜெல். இவை போக, பெயர் இல்லாத காகிதப் பொட்டலத்தில் 'செட் மாத்திரை' என்று ஒன்று தருவார்கள். அதை முதலில் கழித்துவிடலாம். உள்ளே ஸ்டீராய்டு இருந்தாலும் தெரியாது. உடம்புக்கு ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்ட அட்டையும் இருக்காது. சில்லறையாக நாலு மாத்திரை வாங்கினாலும் மருந்தின் பெயரும் காலாவதி மாதமும் உள்ள பக்கத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள்.

எங்கள் முதல் தேர்வு பாரசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. டோலோ 650 ஆறு போட்டாலே 3.9 கிராம். தினமும் குடிக்கிறவர், ஈரல் கோளாறு உள்ளவர் 2 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கணக்கு தப்புகிற இடம் கூட்டு மாத்திரை: காம்பிஃபிளாம், ஜீரோடால்-பி இரண்டிலும் 325 மி.கி. பாரசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் டோலோ போட்டால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும்.

குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு, 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 2.5 மி.லி., 120 மி.கி. சிரப் என்றால் 5 மி.லி. சொட்டு மருந்து மி.லி.க்கு 100 மி.கி.; சிரப் மூடியால் அதை அளந்து ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போகும். பாட்டில் மாறினால் அளவும் மாறும்.

இரண்டாவது கூட்டம் வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கடற்கரை ஆட்களுக்கு எளிதில் சிபாரிசு செய்ய மாட்டோம். வலை இழுத்து வந்தவரும் மண்டபம் பக்கம் பாசி எடுத்து வந்தவரும் வெயிலில் நீர் வற்றி, வெறும் வயிற்றில் இதைப் போடுகிறார்கள். சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதை இந்த மருந்து குறைக்கும். உடம்பில் நீரும் இல்லையென்றால் அடி இரட்டிப்பு. பிரஷருக்கு டெல்மிசார்டன் போன்றதும் நீர் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் தொடவே கூடாது. மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு, தண்ணீர் நன்றாகக் குடித்து, இரண்டு மூன்று நாளோடு நிறுத்த வேண்டும். காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாரசிட்டமால் மட்டும்தான். டெங்குவில் இந்தக் கூட்டமும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஆஸ்பிரின் கடல் காற்றுக்குத் தாங்காது. அட்டையைப் பிரித்ததும் வினிகர் வாடை அடித்தால் மாத்திரை ஈரத்தில் சிதைந்துவிட்டது; குப்பையில் போடுங்கள்.

ஜெல் முழங்காலுக்கும் விரல் மூட்டுக்கும் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. முதுகுக்கு அவ்வளவு இல்லை. தடவிவிட்டு ஒத்தடம் கொடுப்பது இங்கே பழக்கம். மெத்தில் சாலிசிலேட், மென்தால் கலந்த ஜெல்லுக்கு மேல் சூடு வைத்தால் தோல் வெந்துவிடும்.

திருக்கை முள், கெளுத்தி முள் குத்திய வலிக்கு இந்த அலமாரி மொத்தமும் சேர்ந்தாலும் சுடுதண்ணீருக்கு ஈடாகாது. சுமார் 45 டிகிரி, பொறுக்கும் சூட்டில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்க வேண்டும். குத்துப்படாத காலை முதலில் வைத்துச் சூடு பாருங்கள்; வலியில் இருக்கிற காலுக்குச் சூடு தெரியாது. நெஞ்சிலோ வயிற்றிலோ முள் நின்றால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் மறக்கக் கூடாது.

இனி நாய். நொண்டினால் மாத்திரை தேடுவதற்கு முன்னால் பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பாருங்கள். ராமநாதபுரம் சீமையில் பாதி நொண்டல் சீமைக்கருவேல முள்ளாகத்தான் இருக்கும். தூண்டில் முள்ளும் உண்டு. முள் உள்ளே இருக்க வலியை மட்டும் அடக்கினால் சீழ் வைக்கும்.

நம் வீட்டு டப்பாவில் இருப்பது எதுவும் அதற்கு ஆகாது. இப்யூபுரூஃபன் 400 ஒன்று, 12 கிலோ நாட்டு நாய்க்குக் கிலோவுக்கு 33 மி.கி. ஆகிறது, 25ஐத் தாண்டினாலே வாந்தி தொடங்கிவிடும், கூடக்கூட குடல் புண், அப்புறம் சிறுநீரகம். டைக்ளோஃபெனாக் அதைவிட மோசம். ஜெல் தடவிய காலை நக்க விடுவதும் இதில் சேர்த்தி. பூனைக்கு பாரசிட்டமால் அரை மாத்திரையே எமன்.

கால்நடை மருத்துவர் எழுதும் மெலாக்சிகாம் திரவம்தான் எங்கள் தேர்வு. வழக்கமான அளவு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., பிறகு தினம் ஒரு வேளை 0.1. பத்துக் கிலோ நாய்க்கு 2 மி.கி., அப்புறம் 1 மி.கி. அதே மெலாக்சிகாம் மனிதருக்கு வரும் மாத்திரை 7.5 மி.கி. என்பதைப் பார்த்தால், பெயர் ஒன்று என்பதற்காக மெடிக்கலில் வாங்குவது ஏன் ஆபத்து என்று புரியும். எடையைக் கண்ணால் மதிக்காதீர்கள். மண்டை, கன்னி என்கிற நாட்டு நாய் இனங்களில் உயரம் ஏமாற்றும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து உங்கள் எடையைக் கழித்தால் போதும். சோறு தின்ற பிறகே கொடுக்க வேண்டும். வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், தீனி மறுப்பு, இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் இதைச் சேர்க்கவே கூடாது. குடலில் ஓட்டை விழும்.

சில கடைகளில் மாட்டு டைக்ளோஃபெனாக் ஊசி இருக்கிறதா என்று இன்னும் விசாரிக்கிறார்கள். அந்த ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் 2006லேயே கால்நடைக்கு அது தடையாகிவிட்டது.

நாய் நம் மாத்திரையைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோடியம் ஏறி அதுவே கொன்றுவிடும். எத்தனை மாத்திரை, எத்தனை மி.கி., எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு, காலி அட்டையோடு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். ஊரில் மருத்துவர் இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அடியுங்கள். இப்யூபுரூஃபன் என்றால் அறிகுறி தெரியும் வரை காத்திருக்கவே கூடாது. வெளியே தெரியும்போது சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம்.