காலைப் பலகாரத்தை விடுவதா, இரவுப் பலகாரத்தை விடுவதா? செட்டிநாட்டு வீடுகளுக்கு எந்த ஃபாஸ்டிங் சரி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இப்போது எடை குறைக்க நினைப்பவர்களில் பலர் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கில்தான், அதாவது இடைவெளி விட்டுப் பட்டினி இருக்கும் முறையில்தான் இருக்கிறார்கள். அதிலும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒரே முறை: காலையில் சாப்பிடாமல் இருந்து, மதியம் 12 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிப்பது. 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்பதால் இதைத்தான் 16:8 என்கிறோம். எனக்கு இதில் ஒரு பெரிய மறுப்பு இருக்கிறது. நம் ஊர்ச் சாப்பாட்டு வழக்கத்துக்கு இந்த நேரம் தலைகீழானது, விட வேண்டியது இரவைத்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் எல்லா வீடும் ஒன்றில்லை என்பதால், கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் நம் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலையில் காபி, எட்டு எட்டரைக்கு இட்லியோ இடியாப்பமோ, ஒரு மணி வாக்கில் சாப்பாடு, நாலு மணிக்குக் காபியோடு வெள்ளைப்பணியாரமோ சீயமோ, அது செய்யாத நாளில் டின்னிலிருந்து தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, அப்புறம் கடை அடைத்து எல்லோரும் வீடு வந்து சேர்ந்தபின் ஒன்பது ஒன்பதரைக்கு மறுபடியும் தோசை. இதில் எடை ஏறும் இடம் காலை இட்லி இல்லை. நாலு மணிக்கு மேல் வருகிற எண்ணெயும் சர்க்கரையும்தான், அதுவும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும் நேரத்தில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. 65 கிலோ ஆள் அரை மணி நேரம் நிதானமாக நடந்தால் செலவாவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பணியாரம் எண்ணெயில் பொரிகிறது என்பதையும், நாலு பணியாரத்தோடு யாரும் நிறுத்துவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

இப்போது 12 முதல் 8 வரையிலான முறை. இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று இருக்கிறது: எளிது. காலையில் பலருக்குப் பசியே இருப்பதில்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கு அவசரம், இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. ஆனால் எடை குறைகிறதா? 2020-ல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் இதையே சோதித்தார்கள், அதே மதியம் 12 முதல் இரவு 8 வரை, என்ன சாப்பிடலாம் என்பதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல். ஃபாஸ்டிங் இருந்தவர்களுக்குக் குறைந்தது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் சுமார் 0.7 கிலோ குறைந்திருந்தது, அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. இன்னொரு கவலையும் அதில் தெரிந்தது. உடல் துல்லியமாக அளந்து பார்க்கப்பட்டவர்களிடம், குறைந்த எடையில் கணிசமான பங்கு கொழுப்பாக இல்லாமல் தசையாகப் போயிருந்தது. நம் ஊரில் இதைச் செய்தால் நாலு மணிப் பலகாரமும் எட்டு மணித் தோசையும் அப்படியே உள்ளே இருக்கும், போனது இட்லி மட்டும். பன்னிரண்டு மணிக்குப் பசியோடு உட்காரும்போது சோறு இன்னும் ஒரு கரண்டி கூடவே விழும்.

அடுத்தது, சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிப்பது. காலை 8-லிருந்து மாலை 4 வரை, அல்லது கொஞ்சம் தளர்த்தி 6 வரை. இதில் உடம்பின் இயல்பு நம் பக்கம் இருக்கிறது. ஒரே அளவு சோற்றைக் காலையில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறுவதைவிட இரவில் சாப்பிட்டால் அதிகமாக ஏறும், ஏனென்றால் இன்சுலின் காலையில்தான் நன்றாக வேலை செய்கிறது. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் இருந்த ஆண்களை ஐந்து வாரம் ஆறு மணி நேரத்துக்குள், மாலை 3 மணிக்கு முன்பே கடைசி உணவை முடிக்கச் சொன்னார்கள். எடை குறையாமலேயே இன்சுலின் வேலை செய்யும் விதமும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. வெறும் எட்டுப் பேரை வைத்துச் செய்தது, அதனால் அதைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் சர்க்கரை நோய் வழிவழியாக வரும் குடும்பங்கள் இவ்வளவு இருக்கிற நம் பக்கத்துக்கு அது கவனிக்க வேண்டிய விஷயம்.

இதைவிடப் பெரிய சோதனை 2022-ல் சீனாவின் குவாங்சோவில் நடந்தது. உடல் பருமன் உள்ள 139 பேர், ஒரு வருடம். எல்லோருக்கும் குறைந்த கலோரிச் சாப்பாடு, ஒரு பிரிவினர் மட்டும் அதைக் காலை 8 முதல் மாலை 4-க்குள் சாப்பிட வேண்டும். நேரம் பார்த்தவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ குறைந்தது, நேரம் பார்க்காதவர்களுக்கு 6.3 கிலோ. அந்த இடைவெளியைத் தற்செயல் இல்லை என்று சொல்லுமளவுக்குப் பலம் இல்லை என்பதுதான் ஆய்வாளர்கள் வந்த முடிவு. கடிகாரம் தனியாக எந்த அதிசயமும் செய்வதில்லை. நாம் வழக்கமாக அதிகம் தின்னும் நேரத்தை அது அடைத்தால்தான் பலன். பட்டினி இருந்தால் செல்லெல்லாம் சுத்தமாகிவிடும், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2016-ல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்த பரிசு ஈஸ்டில் அவர் செய்த ஆராய்ச்சிக்கு. மனிதர்கள் 16 மணி நேரம் பட்டினி இருந்து எடை குறைப்பதைப் பற்றியது இல்லை அது.

சீக்கிரம் முடிக்கும் முறையில் சிரமம் சாப்பாட்டில் வருவதில்லை, வீட்டில் வருகிறது. "ராத்திரி வெறும் வயித்தோட படுக்கக் கூடாது ஆத்தா, ஒரு தோசையாவது சாப்பிடு" என்று அப்பத்தா நிற்கும்போது, "ஆறு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டேன் அப்பத்தா" என்று தினமும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிப் பழக்கிவிட வேண்டியதுதான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சம் மீதியோடு பத்து மணிக்குச் சாப்பிடும் பெண்களுக்கு இந்த முறை உண்மையிலேயே நல்லது. முதலில் தன் சாப்பாடு, பிறகு மற்றவர்களுக்குத் தோசை. இதை வீட்டில் கேட்டு வாங்குவது தப்பே இல்லை.

16 மணி நேரம் முடியாவிட்டால் 14 போதும். காலை எட்டரைக்குப் பலகாரம், ஒரு மணிக்குச் சாப்பாடு, ஆறரைக்குள் இரவு உணவு, நாலு மணிக்குச் சர்க்கரையில்லாத காபி மட்டும். என் தேர்வு இதுதான். வருடக்கணக்கில் தொடர முடிவது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறரைக்குப் பிறகு தண்ணீர், சீரகத் தண்ணீர், பால் சர்க்கரை சேர்க்காத டீ தவிர எதுவும் கூடாது. சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால் குடித்தாலும் சாப்பிட்ட கணக்குத்தான்.

இனி 5:2. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல, இரண்டு நாள் மட்டும் பெண்களுக்குச் சுமார் 500 கலோரி, ஆண்களுக்கு 600. சஷ்டி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று விரதம் இருந்து பழகியவர்களுக்கு இது மனதளவில் எளிது, நாள் முழுக்கப் பசியைத் தாங்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் நம் விரதத்தை அப்படியே 5:2 என்று எடுத்துக்கொள்ள முடியாது. பகலெல்லாம் பாலும் பழமும், சாயங்காலம் விரதம் விட்டதும் வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு என்றால் அன்றைய கலோரி சாதாரண நாளைத் தாண்டிவிடும். சாமிக்கு இருப்பதைச் சாமிக்கே இருங்கள், எடைக்கான இரண்டு நாளை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். 500 கலோரி என்பது தோராயமாக இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு அவித்த முட்டை, எண்ணெய் அதிகம் விடாத ஒரு பொரியல், ஒரு கொய்யா, ஒரு டம்ளர் நீர்மோர். ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி, ஒருவேளை மட்டும் சாப்பாடு என்பதெல்லாம் எனக்கு ஒப்புதல் இல்லை. 2017-ல் நூறு பேரை ஒரு வருடம் கவனித்த சோதனையில், ஒருநாள் விட்டு ஒருநாள் இருந்தவர்களில் 38 சதவீதம் பேர் பாதியில் விலகினார்கள், தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களில் 29 சதவீதம். குறைந்த எடையோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே.

அந்தத் தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவதையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஃபாஸ்டிங்குக்கு உண்மையான போட்டி அதுதான். இரவு ஒன்பதுக்குத்தான் கடையைப் பூட்டுகிறேன் என்பவருக்கு ஆறரை மணிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர் நேரத்தை விட்டுவிட்டு, நாலு மணிப் பலகாரத்தை நிறுத்தி, மதியச் சோற்றில் கால்வாசியைக் குறைத்து, ஏழு மணி வாக்கில் கடைக்கே ஒரு டிபன் கேரியரில் சுண்டலோ முட்டையோ வரவழைத்துக்கொண்டு, இரவு ஒரு தோசையோடு நிறுத்தினால் அதே பலன் கிடைக்கும்.

இவற்றில் எதைத் தொடங்கினாலும் அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வேளையைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழக்கூடும், தூக்கத்தில் நடந்தால் உயிருக்கே ஆபத்து. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு நீண்ட பட்டினியில் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே அது வரலாம். பிரஷர் மாத்திரைக்காரர்களுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீரும் குறைந்தால் தலைசுற்றும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் எந்த முறையையும் தொட வேண்டாம்.

அப்புறம் உடற்பயிற்சி. ஜிம் தேவையில்லை. வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகம் கரையும் என்று காலை ஐந்து மணிக்கே கிளம்புகிறார்கள். நடக்கும் அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாகச் செலவாவது நிஜம், ஆனால் வாரக் கணக்கில் பார்த்தால் எடையில் வித்தியாசம் வருவதில்லை. சாப்பிட்டு முடித்த கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது அதைவிட நல்லது என்பேன், சர்க்கரை ஏறுவதை அது நேரடியாகக் குறைக்கிறது. இதற்கு நம் வீடுகளே போதும். முகப்பில் ஆரம்பித்து வளவை, அதாவது நடுமுற்றம் உள்ள பகுதியைத் தாண்டி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு வரை போய்த் திரும்பினால் அது ஒரு நல்ல நடை, மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்லை, இருட்டில் தெருவில் நடக்கக் கூச்சப்படும் பெண்களுக்கும் வசதி. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு எட்டு நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தாலே அதைத் தொட்டுவிடலாம். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வருடத்தில் சில நாள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்! அந்தக் கால்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

நடை மட்டும் போதாது, தசை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, மாடிப்படி ஏறி இறங்குவது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதைச் செய்தால் போதும். கூடவே புரதம். 60 கிலோ இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் வாக்கில் தேவை, ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். கோழியும் மீனும் இவ்வளவு ருசியாகச் சமைக்கத் தெரிந்த ஊர் நம்முடையது, குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு துண்டுகளை மற்றவர்களுக்குத் தள்ளிவிடும் வழக்கத்தைப் பெண்கள் விட வேண்டும். சைவ வீடுகளில் பருப்பு, சுண்டல், தயிர். கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுகிறார்கள். அரிசி நல்லதுதான், அதில் சேரும் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் கணக்கில் வராமல் போகாது. விசேஷ வீட்டில் இரண்டு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள், அதைத் தினசரிக் காலை உணவாக ஆக்க வேண்டாம்.

கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று வரும் நாட்களிலும் சீக்கிரம் முடிக்கும் முறைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. நல்ல சாப்பாடு காலையிலும் மதியமும்தான் விழும், அதை மனம் நிறையச் சாப்பிட்டுவிட்டு இரவை மட்டும் விட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பலன் தெரிகிறதா என்று தினமும் தராசில் ஏற வேண்டாம், உப்பும் தண்ணீரும் ஒரு கிலோவை இப்படியும் அப்படியும் ஆட்டும். மாதம் ஒருமுறை காலையில் சாப்பிடுவதற்கு முன் வயிற்றை எக்காமல் இடுப்புச் சுற்றளவை டேப்பில் அளந்து எழுதி வையுங்கள். இந்தியர்களுக்குச் சொல்லப்படும் வரம்பு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. மூன்று மாதம் போயும் அளவு அசையவில்லை என்றால் நேரத்தை 16, 18 என்று நீட்டப் போகாமல், வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம், அதை எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று முதலில் பாருங்கள்.