ஆனந்தரங்கப் பிள்ளைக்கு ஒரு முகநூல் பக்கம்: ஒன்பதாம் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

வரலாற்று மனிதர்களுக்கு முகநூல் மாதிரியே பக்கம் செய்து தரும் இலவச இணையக் கருவி ஒன்று இருக்கிறது. படம், வேலை, நண்பர்கள், பதிவு, பதிவுக்குக் கீழே சண்டை, எல்லாம் போடலாம். கணக்குத் தொடங்க வேண்டாம் என்பதால் பிள்ளைகளிடம் தைரியமாகக் கொடுக்கலாம். புதுச்சேரிப் பக்கம் சமூக அறிவியல் எடுக்கும் நான், போன மாதம் இரண்டு பாடவேளை இதற்கு ஒதுக்கினேன்.

ஆளைத் தேர்ந்தெடுக்க யோசிக்கவே இல்லை. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761இல் சாகும்வரை, கப்பல் வந்தது, போனது, ஊரில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று தமிழில் நாட்குறிப்பாக எழுதித் தள்ளிய மனிதர், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை. அவருக்குக் கைபேசி கிடைத்திருந்தால் கீழே வைத்திருக்கவே மாட்டார்.

1746ஆம் ஆண்டைக் கொடுத்தேன். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்துவிட்டார். பணம் வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்கு அதில் சம்மதமில்லை. ஒரு குழு எழுதியது இப்படி:

லபூர்தொனே: வாக்குக் கொடுத்துவிட்டேன்.
துய்ப்ளேக்ஸ்: யாரைக் கேட்டு?
லபூர்தொனே: பிடித்தது நான்.
துய்ப்ளேக்ஸ்: ஆளுநர் நான்.

வகுப்பே சிரித்தது. அப்புறம் பிள்ளை யாருக்கு லைக் போடுவார் என்று அரைமணி நேரம் வாக்குவாதம். "ரெண்டு பேருக்கும் போட்டா என்ன சார்?" என்றான் ஒருவன். "ஆளுநர்கிட்ட வேலை வேணும்ல?" என்றாள் பக்கத்துப் பெண். பதவி, தயவு, பயம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது. நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் வந்திருக்காது. அக்டோபர் புயலில் லபூர்தொனேயின் கப்பல்கள் நாசமானதற்கு யார் அழுகைப் பொம்மை போடுவார், யார் சும்மா பார்த்துவிட்டுப் போவார் என்றும் பேசினார்கள்.

'வேலை' என்ற கட்டத்தில் ஒரு குழு 'தலைமைத் துபாஷி' (ஆளுநருக்கு மொழிபெயர்ப்பாளரும் இடையாளும்) என்று நிரப்பியிருந்தது. அதற்கு முன் அந்தப் பதவியில் இருந்த கனகராய முதலியார் 1746இல் இறந்தாலும் அந்தப் பதவி பிள்ளைக்கு முறைப்படி வந்தது 1747இல்தான் என்று இன்னொரு பெண் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். நிரப்ப ஒரு கட்டம் இருந்ததால்தான் இந்தத் தவறு வெளியே வந்தது. கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குறைகளும் உண்டு. தமிழில் அடித்தால் அச்செடுக்கும்போது சில எழுத்துகளில் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கிறது. மாதப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. இவற்றைப் பேனாவால் திருத்திக்கொள்ளலாம். பெரிய குறை வேறு. துய்ப்ளேக்ஸின் மனைவியைப் பற்றிப் பிள்ளை மனம் வெந்து எழுதியதைப் பதிவாகப் போடப் போனபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி: "சார், இதை அந்தம்மா பார்த்தா அவர் கதி?"

கருவியில் 'எனக்கு மட்டும்' என்ற வசதியே கிடையாது. எல்லாப் பதிவும் எல்லாருக்கும் தெரியும். நாட்குறிப்புக்கு அது பொருந்தாது. வெளியாள் ஒருவர் அதைக் கண்டெடுத்தது 1846இல், பிள்ளை இறந்து 85 ஆண்டு கழித்து. கேள்வி கேட்டவனே அச்சுத்தாளை வாங்கி, அந்தப் பதிவின் மூலையில் சின்னதாக ஒரு பூட்டு வரைந்தான். மற்ற குழுக்களும் அப்படியே வரையத் தொடங்கின. எதற்குப் பூட்டு, எது பொதுவில் என்று பிரிப்பதிலேயே இரண்டாவது பாடவேளை தீர்ந்தது.

ஆசிரியர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் நாட்குறிப்பில் நான்கு பக்கமாவது வாசிக்க வைத்துவிட்டுக் கணினியைத் திறங்கள். வாசிக்காமல் உட்கார்ந்த ஒரு குழு, பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து போட்டதோடு எழுந்துவிட்டது.