யூரியூப்பா, ஸ்பொட்டிஃபையா? ஒரு பாட்டு காணாமல்போன கதை

திருகோணமலை உப்புவெளியில் ஒரு அறையைப் பூட்டி, ஃபேனையும் நிற்பாட்டி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்த பாட்டு அது. 2021 பெப்ரவரியில், பாட்டுக் கேட்கிற செயலியான ஸ்பொட்டிஃபை இலங்கைக்கும் வருகிறது என்ற அறிவிப்பு வந்ததும் எங்கள் மூன்று பேருக்கும் தலைகால் புரியவில்லை. பாட்டை அங்கேயும் விட்டோம், யூரியூப்பிலும் விட்டோம். எதற்கு முதலில் மினக்கெடலாம் என்று திருமலைப் பெடியள் இப்போதும் கேட்கிறார்கள். நான் யூரியூப் பக்கம்.

ஒலித்தரம், பிளேலிஸ்ட், ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற கெத்து எல்லாம் ஸ்பொட்டிஃபைக்குத்தான். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னர் அவர்களுடைய பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கவும் வழி இருக்கிறது. யூரியூப்பில் ஊரே இருக்கிறது. அதற்கென்றே தனி டேட்டா பொதி விற்கிற நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

என்னைத் திருப்பியது பராமரிப்புச் செலவு. ஸ்பொட்டிஃபையில் நாமே நேரே பாட்டை ஏற்ற முடியாது, இடையில் ஒரு விநியோகக்காரர் வேண்டும். நாங்கள் பிடித்தவர் வருடச் சந்தா கேட்டார், அதுவும் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஆனது. இடையில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்தது. காஸ் வரிசையில் நிற்கிறவனுக்குச் சந்தா முடிகிற திகதி எங்கே நினைவிருக்கும்? கார்ட்டும் காலாவதி. ரொறன்ரோவிலிருக்கும் அக்கா வட்ஸ்அப்பில் கேட்டபிறகுதான் விளங்கியது.

“தம்பி, உங்கட பாட்டைக் காணேல்லையே, எடுத்துப்போட்டியளோ?”

சந்தா கட்டாததால் ஸ்பொட்டிஃபையில் பாட்டு இல்லை. விநியோகக்காரர் வழியாக யூரியூப்பில் தானாக உருவாகியிருந்த, அட்டைப்படம் மட்டும் தெரிகிற பிரதியும் இல்லை. நாங்கள் கையால் ஏற்றிய வீடியோ மட்டும் அப்படியே கிடந்தது. ஃபிரெட்ரிக் கோட்டைக்குள் போனில் எடுத்தது, இரண்டாவது சரணத்தில் ஒரு மான் குறுக்கே போகும். ஒரு வருடம் நாங்கள் எட்டிப் பார்க்காமலே அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பாட்டைத் திரும்ப ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டுகிற ஐஎஸ்ஆர்சி இலக்கம் பழையதையே கொடுக்கவேண்டும். 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கிற அந்தக் குறியீடு மாறினால் அது புதுப்பாட்டு, கேட்டவர் கணக்கும் பூச்சியத்திலிருந்துதான். நாங்கள் அதை எங்கேயும் குறித்துவைக்கவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

வருமானம் பற்றி நான் பெரிதாகக் கதைக்க முடியாது, இரண்டிலும் கண்ட காசு தேத்தண்ணிக்கும் காணாது. யூரியூப்பில் விளம்பரக் காசுக்கு 1000 சந்தாதாரர் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4000 மணிநேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் (குறுவீடியோ) பார்வை. ஆறு மாதம் ஒன்றுமே போடாமல் விட்டால் அந்தச் சலுகையைப் பறிக்கவும் கூடும். ஆனால் பாட்டு இருக்கும். ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் காசுக் கணக்கிலேயே சேரும்.

யூரியூப்பில் நாங்கள் பட்ட இன்னொரு அடி தலைப்பு. ‘திருமலை’ என்று போட்டோம். தேடினவர்களுக்கெல்லாம் ஏழுமலையான் பக்திப்பாட்டு வந்தது! இப்போது ‘திருகோணமலை’ என்று முழுதாக எழுதி, பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் போடுகிறோம். வரிகளையும் கீழே இரண்டு எழுத்திலும் கொடுக்கிறோம். அக்காவின் பிள்ளைகள் தமிழை விளங்கிக்கொள்வார்கள், தமிழில் தட்டச்ச மாட்டார்கள்.

டிக்டொக்கில் நாலைந்து துண்டுதான் போட்டிருக்கிறேன், அதைவைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. பாட்டின் 15 செக்கனைத் தெரிந்தவர்கள் கூடினார்கள், முழுப்பாட்டைத் தேடி வந்தவர் குறைவு.

ஸ்பொட்டிஃபையை முற்றாக விட்டுவிடவும் மனமில்லை. சிடி பேபி போன்ற விநியோகக்காரரிடம் ஒரு வெளியீட்டுக்கு ஒருதடவை கட்டினால் போதும், வருடச் சந்தா கிடையாது, வருகிற காசில் 9 சதவீதம் அவர்களுக்கு. அடுத்த பாட்டை அப்படி விடலாம் என்பது என் எண்ணம். கீபோர்ட் வாசிக்கிறவன் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல மைக் ஸ்டாண்ட் வாங்கலாமாம்.